வேகத்தடை இருந்த இடம்

கார் திடீரென்று ஒடிந்து திரும்பியதில் முன் சீட்டில் இருந்த ரேடியோவின் மண்டை ஜன்னல் கண்ணாடியில் 'டங்'கென்று மோதியது.

"ஐயா, மண்டை என்னோடது, கண்ணாடி உங்களோடது. ரெண்டுல எது உடைஞ்சாலும் நஷ்டம்தான். கொஞ்சம் பார்த்து ஓட்டுங்க," என்றான், அடிபட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே.

"பள்ளம்," என்றார் காரை ஓட்டியவர்.

ரேடியோ திரும்பிப் பார்த்தான். பள்ளமாவது, மேடாவது. குறுகலான தெரு துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. குறுக்கே புதிதாகச் சுரண்டிய கறுப்புப் பட்டை ஒன்று மட்டும் தெரிந்தது. வாய்வரை வந்த கேலியை அவன் விழுங்கிவிட்டான். ஓட்டுகிறவர் இந்தக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். இன்று காலையில்தான் அவருடைய சங்கத்து நண்பர் ஒருவரை லாரி ஏற்றிக் கொன்றிருக்கிறார்கள். துக்கத்தில் இருக்கும் மனிதனுக்குக் கை கொஞ்சம் ஆடத்தானே செய்யும்?

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. போட்டால் நிற்காது என்பதால் ஊர் வைத்த பெயர். பின் சீட்டில் கண்ணை மூடிக் கிடந்த ஒல்லி மனிதர் அவனுடைய அக்கா புருஷன். துப்பறிவது அவர் தொழில். அவருக்குக் கொக்கி என்று பெயர். அவர் கேள்வி கேட்டால் மாட்டியவன் தோலோடுதான் கழல வேண்டும்.

"செத்தவரை எல்லாரும் விசில்னுதான் கூப்பிடுவோம்," என்றார் செயலாளர். "பஸ் கண்டக்டரா இருந்து ஓய்வு பெற்றவர். எங்க போக்குவரத்துப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. தினமும் ஸ்கூல் கேட் முன்னாடி நின்னு விசில் ஊதுவார். தெருவே நிக்கும். இன்னைக்கு அதே இடத்துல அடிச்சான். அதோட விடலை. ரிவர்ஸ் எடுத்து மறுபடியும் ஏத்தினான்."

"பண்ணினவன் யாருங்க?" என்றார் கொக்கி, கண்ணைத் திறக்காமலே.

"குடோன்காரரோட லாரி டிரைவர். தெருமுனையில ஒரு காலி மனை இருக்கு. அதைக் கண்ணாடி குடோனா மாத்த அனுமதி கேட்டு எங்க சங்கத்துக்கிட்ட வந்தார் அந்தக் குடோன்காரர். நான் முதல் நாள்லேர்ந்தே கூடாதுன்னு நிக்கிறேன். இதுல துப்பறிய ஒண்ணுமில்ல சார். விசிலோட பொண்ணு பிடிவாதம் பிடிச்சுது, அதான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

கார் ஸ்கூல் கேட்டைத் தாண்டிச் சங்கக் கட்டடத்தின் முன் நின்றது. கேட் எதிரே ரத்தத்தின் மேல் மண் போட்டிருந்தார்கள். மண் போதவில்லை. ஓரங்களில் சிவப்பு ஊறி வெளியே வந்திருந்தது.

கட்டடத்தின் உள்ளே யாரோ அலறினார்கள்.

ரேடியோ முதலில் ஓடினான். கூட்ட அறையின் சுவரில் 'வேகம் விவேகம் அல்ல' என்று பேனர். பக்கத்தில் வீட்டு மனைகளுக்கும் கடைகளுக்கும் தனித்தனி வண்ணம் அடித்த வரைபடம். அவற்றின் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டிவைத்து ஒருவனை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். உதடு கிழிந்து தாடையில் தொங்கியது. பல் ஒன்று தரையில் கிடந்தது. அடித்தவர்கள் ரவுடிகள் என்றால்கூட மனசு ஆறியிருக்கும். ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர், டியூஷன் வாத்தியார், ஜிம் வைத்திருக்கிறவர் என்று எல்லாரும் மரியாதைக்குரிய மனிதர்கள். குப்பைத்தொட்டியை எங்கே வைப்பது என்று கூடிப் பேசிக் கை தூக்கி ஓட்டுப் போடுகிற அதே கைகளில் இன்று இரும்புக் கம்பியும் கிரிக்கெட் மட்டையும் இருந்தன.

"நிறுத்துங்கப்பா! செத்துருவான்!" என்று ரேடியோ நடுவில் புகுந்தான்.

ஜிம்காரரின் முஷ்டி அவன் வயிற்றில் இறங்கியது. உலகமே ஒரு சுற்று சுற்றி நின்றது.

"இவ்வளவு பலத்தையும் இலவசமாத் தர்றீங்களே, மாசக் கட்டணம் கிடையாதா?" என்றான், தரையில் மடங்கிக்கொண்டே. மூச்சு வராத நேரத்திலும் அவனுக்குப் பேச்சு மட்டும் வந்துவிடும்.

கொக்கி உள்ளே வந்தார். கூட்டத்தைச் சும்மா ஒரு பார்வை பார்த்தார்.

"போலீஸ் எங்க?"

"பாடியை எடுத்துட்டுப் போயிட்டாங்க," என்றார் பேங்க் மேனேஜர். "டிரைவர் தப்பிச்சு ஓடிட்டான்னு நாங்க சொல்லிட்டோம். கேஸு, கோர்ட்டுன்னு இழுத்து இவன் நாளைக்கே ஜாமீன்ல வருவான். வேணாம் சார். எங்க தெரு விஷயம், நாங்களே முடிச்சுக்கிறோம்."

மூலையில் ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். அழுது தீர்த்த முகம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில். கயிற்றில் ரத்தம் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது.

"நான்தான் சார் உங்களுக்கு போன் பண்ணினேன்," என்றாள். "இவனை எங்கப்பாவுக்கு யாருன்னே தெரியாது. இவனுக்கும் எங்கப்பாவைத் தெரியாது. பதற்றத்துல அடிச்சிருந்தா ஓடியிருப்பான். பின்னாடி வந்து திரும்ப ஏத்தியிருக்கான் சார். முன்பின் தெரியாதவனுக்கு அவ்வளவு கோபம் எங்கேர்ந்து வரும்?"

கொக்கி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு டிரைவரின் முன் குனிந்து, கைக்குட்டையால் அவன் வாயைத் துடைத்தார்.

"சொல்லு தம்பி."

"இந்தத் தெருவுக்கே இன்னைக்குத்தான் சார் வர்றேன்," என்று அவன் குழறினான். "மனை வாசல்ல வண்டியை நிறுத்திட்டு, சாவியை அப்படியே விட்டுட்டு, உள்ள புதர்ப் பக்கம் ஒதுங்கினேன். திரும்பி வந்தா வண்டி கொஞ்சம் தள்ளி நிக்குது. இன்ஜின் கொதிக்குது. என்னன்னு பார்க்க ஏறி உக்காந்தேன். அதுக்குள்ள எல்லாரும் வந்து பிடிச்சுட்டாங்க. என் பொண்டாட்டி மாசமா இருக்கா சார். என்னைக் கொன்னுடாதீங்க."

"இதையேதான் கிளிப்பிள்ளை மாதிரி சொல்றான்," என்றார் செயலாளர். அவர் குரல் உயரவே இல்லை. "என்ன பேச்சு இனிமே? இவனுக்கும் அதே லாரி, அதே இடம். சாவி என்கிட்டதான் இருக்கு."

ஒருவன் "அதான் சரி!" என்றான். தொடர்ந்து எல்லாரும் கத்தினார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிவிட்டது.

கொக்கி ரேடியோவின் காலரைப் பிடித்துத் தூக்கினார். "வா மாப்ள. தெருவுல எங்கயாவது கேமரா இருக்கும்."

"போலீஸ், மாமா?"

"போன் போட்டுட்டேன். ரயில்வே கேட்ல மாட்டியிருக்காங்களாம்."

"அவங்களுக்கு முன்னாடி நமக்குப் பாடை வந்துரும் போலிருக்கே."

இருவரும் தெருவில் ஓடினார்கள். சுரண்டிய பட்டைக்கு நேரே ஒரு மருந்துக் கடை இருந்தது, வாசலில் கேமரா. மருந்துக் கடைக்காரர் நடுங்கிக்கொண்டே படத்தை ஓட்டிக் காட்டினார்.

காலியான தெரு. மனைப் பக்கமிருந்து லாரி வருகிறது. கறுப்புப் பட்டைக்கு முன்னால் வந்ததும் வேகம் செத்து ஊர்கிறது. அடுத்த நொடி சடாரென்று ஓரத்துக்கு ஒடிகிறது. மறுபடி நேராகி, வெறி பிடித்தாற்போல் பாய்ந்து படத்தை விட்டு மறைகிறது. 'தட்' என்று ஒரு சத்தம். ஈரத் துணியைக் கல்லில் அடித்தது போல இருந்தது. பிறகு லாரி பின்னால் வருகிற இரைச்சல். மறுபடி அதே சத்தம், இந்த முறை மெதுவாக, நொறுங்கி. லாரி பின்பக்கமாகவே படத்துக்குள் வந்து, பட்டையை நெருங்கியதும் மறுபடியும் ஒடிந்து, மனைப் பக்கம் போய் மறைகிறது.

மருந்துக் கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்.

"குடிச்சிருக்கான், மாமா."

"குடிச்சவன் தெரு முழுக்க ஆடுவான். இவன் ஒரு இடத்துல மட்டும்தான் ஆடுறான். அண்ணே, அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. வேகத்தடை இருந்துச்சு. நேத்து சாயங்காலம்தான் சுரண்டி எடுத்தாங்க. கண்ணாடி ஏத்திட்டு வர்ற லாரி அதுல குதிச்சா சரக்கு நொறுங்கிடும்னு குடோன்காரர் சொன்னார். மேட்டை எடுக்கட்டும், பதிலுக்கு ஸ்கூல் வரைக்கும் கம்பி வேலி போட்ட நடைபாதை அவர் செலவுல கட்டித் தரணும்னு விசில் பேசி முடிச்சார். சங்கத்துல ஓட்டெடுத்து ஜெயிச்சுது. அதுலேர்ந்து பாருங்க, எங்களுக்கே அந்த இடம் வந்தா கால் தானா பிரேக்குக்குப் போகுது. பழக்கதோஷம்."

ரேடியோ துள்ளினான். "கிடைச்சுட்டான் மாமா! இன்னைக்குத்தான் வந்த டிரைவருக்கு நேத்து போன மேட்டைப் பத்தி எப்படித் தெரியும்? ஓட்டினவன் இந்தத் தெருக்காரன்!"

"பாதிக் கிணறு தாண்டிட்டே," என்றார் கொக்கி. "மீதிப் பாதியில விழுந்துடாதே. அண்ணே, இன்னைக்குக் காலையில போன மத்த வண்டிகளைக் காட்டுங்க."

பால் வண்டி வந்தது. பட்டை முன் மெதுவாகி நேராகப் போனது. ஸ்கூல் வேனும் அப்படியே. ஸ்கூட்டர் ஒன்றும் அப்படியே.

"மெதுவாப் போறது பழக்கதோஷம். சரி. ஆனா எல்லாரும் நேராத்தான் போறாங்க. லாரி மட்டும் போகும்போதும் ஒடிக்குது, திரும்பி வரும்போதும் ஒடிக்குது. நடுரோட்டுல எதையோ மிதிச்சுடக் கூடாதுன்னு பயப்படுற மாதிரி. எதை?"

ரேடியோவின் கை தானாக மேலே போனது. நெற்றியின் ஓரம் புடைத்திருந்தது. தொட்டால் வலித்தது.

"மாமா," என்றான். "என் மண்டை."

கொக்கி அவனைப் பார்த்தார். அப்படி அவர் அவனைப் பார்த்து வெகு நாளாயிற்று. "சபாஷ். அக்கா உன்னைச் சும்மா சாப்பாடு போட்டு வளர்க்கலை." பிறகு கடைக்காரரிடம் திரும்பினார். "அந்த மேட்டை முதல்ல எதுக்குப் போட்டாங்க?"

"ஒரு பையன் செத்தானுங்க அங்க. சைக்கிள்ல வந்தான், லாரி அடிச்சுது. அதோ, பட்டையைத் தாண்டி ஸ்கூல் பக்கமா நடுரோட்டுலதான் கிடந்தான். செயலாளரோட ஒரே பையன்."

வெளியே கூச்சல் கிளம்பியது.

டிரைவரைக் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்துகொண்டிருந்தார்கள். ஸ்கூல் கேட்டுக்கு எதிரே, மண் போட்டிருந்த இடத்திலேயே கைகால் கட்டி மல்லாக்கப் போட்டார்கள். அவன் கத்துவதைக்கூட நிறுத்தியிருந்தான். தெருவின் மறுமுனையில், மனை வாசலில், செயலாளர் லாரியில் ஏறிக்கொண்டிருந்தார்.

"நீ போய் அவன் கட்டை அவிழ்," என்றார் கொக்கி. "அவிழ்க்க விடலைன்னா அவன் மேல படுத்துக்கோ."

"மாமா, லாரி வந்தா?"

"உன்கிட்ட வராது. நான் நடுவுல நிக்கிறேன்."

"நீங்க செத்தா அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அதையும் நீதான் அதிகமாப் பேசுவே. ஓடு!"

ரேடியோ ஓடினான். முதல் முடிச்சில் கை வைத்ததும் முதுகில் கிரிக்கெட் மட்டை விழுந்தது. இரண்டாவது அடியில் மண்டி போட்டான். மூன்றாவதுக்குக் காத்திருக்காமல் டிரைவர் மேல் அப்படியே கவிழ்ந்து அவனைக் கட்டிக்கொண்டான். அடியில் கிடந்தவனின் இதயம் குருவியுடையது போலப் படபடத்தது. மண்ணிலிருந்து விசிலின் ரத்த வாடை மூக்கில் ஏறியது. மட்டையோடு நின்ற வாத்தியார், லாரி உறுமுவதைக் கேட்டு ஓரமாக ஓடிவிட்டார்.

ரேடியோ தலையைத் தூக்கினான். தெரு நடுவில், பட்டைக்குச் சற்று இந்தப் பக்கம், கொக்கியின் ஒல்லி முதுகு தெரிந்தது. அதற்கு அப்பால் லாரியின் முகம்.

"எல்லாரும் நல்லாப் பார்த்துக்கோங்க!" என்று கொக்கி கத்தினார். "இந்தத் தெருவுல ஓட்டத் தெரிஞ்ச எவன் வேணும்னாலும் என்னை ஏத்திட்டுப் போகலாம். ஆனா விசிலைக் கொன்னவனால முடியாது! செயலாளர் ஐயா, நான் எந்த இடத்துல நிக்கிறேன்னு உங்களுக்குத் தெரியும்!"

லாரி கிளம்பியது. இந்த முறை பட்டை முன்னால் அது மெதுவாகவில்லை. ஹாரன் அலறியது. கண்ணாடிக்குப் பின்னால் செயலாளரின் முகம் கோணிப்போயிருந்தது. கொக்கி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கால்சட்டையின் கீழ்ப்புறம் மட்டும் வெடவெடவென்று ஆடியது. ரேடியோ அதைப் பார்த்துவிட்டான். பயம் இல்லாத மனிதன் என்று அவரைப் பற்றி ஊரெல்லாம் அளந்தவன் அவன்தான். அக்கா, என்னை மன்னிச்சுடு என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

டயர்கள் கதறின. இரும்பு கிழிந்தது. கண்ணாடி மழையாகக் கொட்டியது.

கண் திறந்தபோது கொக்கி நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். லாரி அவருக்கு ஒரு சாண் தள்ளி ஒடிந்து போய், விளக்குக் கம்பத்தை முறித்துக்கொண்டு, எதிர்வீட்டு மதிலுக்குள் பாதி புகுந்திருந்தது. கம்பம் சாய்ந்து ஆடியது.

செயலாளர் கதவை உதைத்துத் திறந்து கீழே விழுந்தார். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. கொக்கி அவர் அருகே போய் உட்கார்ந்தார்.

"காலையிலயும் இப்படித்தான் ஒடிச்சீங்க. ரெண்டு தடவை. எங்களைக் கூட்டிட்டு வரும்போது ஒரு தடவை, அதுக்குச் சாட்சி என் மச்சினன் மண்டை. கொலை பண்ணப் போற அவசரத்துலகூடப் பையன் கிடந்த இடத்துல சக்கரம் பட உங்களுக்கு மனசு வரலை."

"கை தூக்கினான் சார்," என்றார் செயலாளர். அதுவரை மரம் மாதிரி இருந்தவர் உடைந்தார். "நேத்து கூட்டத்துல என் கண்ணு முன்னாடி கை தூக்கினான். ஒரு பையனுக்குப் போட்ட மேடுப்பா, இனிமே வர்ற அத்தனை பிள்ளைங்களுக்கும் நடைபாதை கிடைக்குதுன்னு சொன்னான். என் பையனுக்குன்னு இந்த உலகத்துல இருந்தது அந்த மேடு ஒண்ணுதான். அதைச் சுரண்டி ஓரமா அள்ளிக் கொட்டினாங்க. ராத்திரி பூரா அந்தக் குவியலையே பார்த்துட்டிருந்தேன். விடிஞ்சதும் லாரி சாவியோட நிக்குது. அவன் கேட்ல நின்னு விசில் ஊதுறான்."

ரேடியோவுக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. அடியில் கிடந்தவனை அவரே கொல்லப் பார்த்தார் என்பதை நினைத்ததும் அந்த இரக்கம் பாதியில் நின்றது.

ஆனால் கூட்டத்துக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. யாரை அடிப்பது என்பதுதான் அவர்களுக்கு மாறியிருந்தது, கம்பிகள் அதேதான். "துரோகி!" என்று ஜிம்காரர் பாய்ந்து செயலாளரின் விலாவில் உதைத்தார். மேனேஜரின் கம்பி தோள்பட்டையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் ரேடியோவுக்குக் கேட்டது. தடுத்த கொக்கியைக் கீழே தள்ளினார்கள். கம்பி மறுபடி உயர்ந்தது, இந்தத் தடவை தலைக்கு நேராக.

ஒரு விசில் ஒலித்தது.

நீளமாக, காதைக் கிழிக்கிற மாதிரி. தினமும் காலையில் அந்தத் தெரு கேட்கிற அதே விசில். கம்பி அந்தரத்தில் நின்றது. உதைக்கத் தூக்கிய கால் அப்படியே நின்றது. தெருமுனையில் திரும்பிய ஸ்கூட்டர்கூட நின்றது.

விசிலின் மகள் நடுத்தெருவில் நின்றிருந்தாள். அப்பனைப் போலவே ஒரு உள்ளங்கையை முன்னால் நீட்டியிருந்தாள். கண்ணீர் வழிந்து விசிலுக்குள் போனது.

"எங்கப்பா செத்த தெருவுல இன்னொருத்தர் சாகக் கூடாது," என்றாள். "கம்பியைக் கீழ போடுங்க. இவரையும் நீங்க கொன்னா, எங்கப்பாவை யார் கொன்னாங்கன்னு நான் எந்தக் கோர்ட்டுல கேக்கறது?"

ஒவ்வொரு கம்பியாகத் தரையில் விழுந்தது. பேங்க் மேனேஜர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ரேடியோ பேசாமல் டிரைவரின் கட்டுகளை அவிழ்த்தான். கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் அவன் ரேடியோவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஒருவழியாகப் போலீஸ் ஜீப் தெருமுனையில் திரும்பியது. இந்தத் தெருவைப் பழகாத ஜீப். பட்டையைக் கண்டு அது மெதுவாகவும் இல்லை, ஒடியவும் இல்லை. தெரு நடுவாக நேரே வந்தது.

தோள் முறிந்தபோது வாய் திறக்காத செயலாளர், தரையிலிருந்து ஒரு கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"பார்த்துய்யா!" என்று அலறினார். "புள்ள இருக்கான்!"

ஜீப் அந்த இடத்தின் மேல் ஏறி வந்து நின்றது.